போர்ட் லூயியில் கார் இல்லாமல் ஒன்பது நாள்: சேலத்து நண்பருக்கு ஒரு பதில்

சேலத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். மனைவி, எழுபத்திரண்டு வயது அம்மா, ஏழாம் வகுப்பு படிக்கும் மகள் ஆகியோருடன் ஒன்பது நாள் மொரீஷியஸ் வருகிறாராம். தங்குவது தலைநகர் போர்ட் லூயியில். வாடகைக் கார் எடுக்காமல் தீவைச் சுற்ற முடியுமா, பவளப்பாறையைக் கெடுக்காத வெயில் கிரீம் எது, விமானப் புகைக்கு ஈடாகப் பணம் வாங்கும் திட்டங்களை நம்பலாமா என்று மூன்று கேள்விகள். போகிற போக்கில் மகள் கேட்டதாக ஒரு வரியும் எழுதியிருக்கிறார்: "நாம போறதால அந்தத் தீவுக்கு என்னப்பா லாபம்?" அவர் உண்மையில் கேட்க வந்தது அதைத்தான் என்று நினைக்கிறேன். மற்ற மூன்றும் அதிலிருந்து கிளைத்தவை.

நான் நாகப்பட்டினத்துக்காரன். இந்த ஊருக்கு வந்து இருபத்திரண்டு ஆண்டுகள் ஆகின்றன. பஸ்களுக்குக் கால அட்டவணை போடுவது தொழில்; எந்த வண்டி எத்தனை மணிக்கு எங்கே நிற்க வேண்டும், ஓட்டுநர் எப்போது சாப்பிட இறங்க வேண்டும் என்று கட்டம் போட்டே தலை நரைத்தது. அதனால் சாலையைப் பற்றி நான் சொல்வதை நம்பி எடுத்துக்கொள்ளலாம். கடலைப் பற்றிச் சொல்வது கடற்கரையில் வளர்ந்தவன் கண்ணால் பார்த்ததும், பிறகு படித்ததும் மட்டுமே; பவளம் என் துறை அன்று.

கசப்பானதை முதலில் சொல்லிவிடுகிறேன். சென்னைக்கும் இந்தத் தீவுக்கும் வானில் நேர்கோட்டுத் தூரமே சுமார் 4,500 கிலோமீட்டர். போக வர ஓர் ஆளுக்கு ஏறக்குறைய ஒரு டன் கரியமில வாயு என்று வைத்துக்கொள்ளுங்கள். கணக்கிடும் முறைக்கு ஏற்ப இது கூடும், குறையும். ஆனால் கிலோக் கணக்கில் வந்து நிற்காது. நான்கு பேருக்கு நான்கு டன். இங்கே இறங்கியபின் ஒரு சின்னக் காரை எடுத்து நாளுக்கு நூறு கிலோமீட்டர் ஓட்டினாலும் ஒன்பது நாளில் நூற்றைம்பது கிலோவைத் தாண்டாது. அதாவது விமானத்தில் ஏறியபோதே கணக்கின் பெரும்பகுதி முடிந்துவிட்டது. கார் எடுக்காததால் தீவைக் காப்பாற்றிவிட்டோம் என்று யாராவது மார்தட்டினால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். நான்கு டன் செலவழித்து வருகிறவர்கள் மூன்று இரவில் ஓடிவிடாமல் இருப்பது முதல் நல்ல காரியம். நீங்கள் ஒன்பது நாள் என்று சொன்னது பிடித்திருந்தது. முடிந்தால் பன்னிரண்டாக்குங்கள், அடுத்த ஆண்டு மறுபடி வருவதைவிட அது மேல்.

காரைவிடக் கண்ணில் படாத இன்னொன்று ஏசி. இந்தத் தீவின் மின்சாரத்தில் ஐந்தில் நான்கு பங்கு போல நிலக்கரியிலும் எண்ணெயிலும் வருகிறது. ஒரு யூனிட்டுக்கு ஏறக்குறைய ஒரு கிலோ புகை. இரண்டு அறைகளில் ஒன்பது இரவும் விடிய விடிய ஏசி ஓடினால், அந்தச் சின்னக் காரின் ஒன்பது நாள் புகைக்குக் கிட்டத்தட்ட வந்துவிடும். போர்ட் லூயி மலைகளுக்கு முதுகைக் கொடுத்து மேற்குக் கரையில் கிடக்கிற ஊர். தென்கிழக்குக் காற்றை மலை மறித்துக்கொள்வதால் ஜனவரி, பிப்ரவரியில் சட்டை முதுகில் ஒட்டும். அதனால் எந்த மாதம் வருகிறீர்கள் என்பது எந்த வண்டியில் போகிறீர்கள் என்பதைவிடப் பெரிய கேள்வி. ஜூலை, ஆகஸ்டில் வாருங்கள். நமக்கு அது ஆடி மாதக் காற்று; இங்கே அது குளிர்காலம். ஜன்னலைத் திறந்து வைத்துத் தூங்கலாம், இரவில் போர்வைகூட வேண்டியிருக்கும். அது கரும்பு வெட்டும் காலமும்கூட. ஆலைகளை ஒட்டிய மின்நிலையங்கள் அப்போது கரும்புச் சக்கையை எரிக்கும். வெட்டு முடிந்ததும் அதே கொதிகலனில் நிலக்கரி போகும். நவம்பர் முதல் ஏப்ரல் வரை புயல் பருவம் வேறு. 2013 மார்ச் 30 அன்று இரண்டு மணி நேரத்துக்குள் கொட்டிய மழையில் போர்ட் லூயியின் நடுவில் பதினொரு பேர் இறந்தார்கள். 2024 ஜனவரியில் பெலால் புயல் வந்தபோது தெருவில் கார்கள் மிதந்து போனதை என் அலுவலக மாடியிலிருந்து பார்த்தேன்.

இனி பஸ். முடியுமா என்றால், முடியும். ஆனால் பஸ்ஸின் குணம் தெரிந்திருக்க வேண்டும். போர்ட் லூயியில் இரண்டு நிலையங்கள். வடக்கே போகிறவர்களுக்கு, அதாவது பாம்ப்ளமூஸ், திரியோலே, கிராண்ட் பே பக்கம், இமிகிரேஷன் ஸ்குவேர். மேட்டு நிலத்துக்கும் தெற்குக்கும் மேற்குக்கும் விக்டோரியா. இரண்டுக்கும் நடுவே நடக்கிற தூரம்தான். ஒவ்வொரு வண்டியிலும் கண்டக்டர் இருப்பார். ஏறி உட்கார்ந்தபின் வந்து காசு வாங்கிக் காகித டிக்கெட் கிழித்துக் கொடுப்பார். சில்லறை வைத்திருங்கள். முதியவர்களுக்கும் மாணவர்களுக்கும் 2005 முதல் இங்கே பயணம் இலவசம். ஆனால் அது குடிமக்களுக்கு. உங்கள் அம்மாவுக்கு டிக்கெட் எடுக்க வேண்டும்.

காலை ஏழிலிருந்து ஒன்பது வரை, மாலை மூன்றரையிலிருந்து ஐந்து வரை வண்டிகள் பள்ளிப் பிள்ளைகளுக்கும் வேலைக்குப் போகிறவர்களுக்கும் சொந்தம். அந்த நேரத்தில் சுற்றுலாப் பையோடு ஏறி நிற்பது அவர்கள் இடத்தைப் பறிப்பதுதான். ஒன்பதரைக்குக் கிளம்புங்கள், மூன்று மணிக்குள் திரும்புங்கள். உட்கார இடமும் கிடைக்கும், எல்லோருக்கும் நிம்மதியும் கிடைக்கும். இதில் ஒரு சிக்கலும் இருக்கிறது. மாலை ஆறரைக்குப் பிறகு கிராமப் பக்கத்து வண்டிகள் அருகிவிடும். இதை நான் படித்த விதம் கொஞ்சம் அவமானமானது. வந்த இரண்டாம் ஆண்டு, மனைவியையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு தெற்குக் கோடியில் சூய்யாக் கடற்கரைக்குப் போனேன். கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று எனக்கு நன்றாகத் தெரியும். அட்டவணையைத் தட்டச்சு செய்தவனே நான்தான். அன்று அந்த வண்டி பழுதாகி நின்றுவிட்டது. அட்டவணையில் பழுதுக்குக் கட்டம் கிடையாது. கரும்பு ஏற்றி வந்த லாரிக்காரர் ஒருவர் எங்களை ரோஸ்பெல் வரை கொண்டுவந்து விட்டார். அதிலிருந்து யார் கேட்டாலும், கடைசி வண்டியைக் கணக்கிலேயே வைக்காதீர்கள், அதற்கு முந்தியதுதான் உங்களுக்குக் கடைசி வண்டி என்பேன்.

மெட்ரோ என்று ஒன்று 2019இல் வந்தது. போர்ட் லூயியில் தொடங்கி ரோஸ்ஹில், காத்ர் போர்ன் வழியாக இப்போது மேட்டு நிலத்தில் கியூர்பிப் வரை போகிறது. படி ஏறாமல் தரை மட்டத்திலேயே உள்ளே போகலாம் என்பதால் அம்மாவுக்கு இதுதான் சௌகரியம். இந்தத் தீவில் 1864லேயே ரயில் ஓடியது. 1956இல் பயணிகள் ரயிலை நிறுத்தினார்கள், சில ஆண்டுகளில் சரக்கு ரயிலும் போயிற்று. தண்டவாளத்தைப் பெயர்த்தெடுத்து, பாதையில் சாலையும் நடைபாதையும் போட்டபின் அரை நூற்றாண்டுக்கு மேல் கழித்து ஏறத்தாழ அதே வழியில் மறுபடி தண்டவாளம் போட்டிருக்கிறார்கள். பன்னிரண்டரை லட்சம் பேர் இருக்கிற தீவில் ஆறு லட்சத்துக்கு மேல் வண்டிகள் பதிவாகியிருக்கின்றன. காலையில் தலைநகருக்குள் நுழைகிற நெடுஞ்சாலையைப் பார்த்தால் உங்கள் நான்கு பேருக்கு இன்னொரு கார் ஏன் வேண்டாம் என்று புரியும். காற்றைவிட இடம்தான் இங்கே நெருக்கடி.

பாம்ப்ளமூஸ் தாவரத் தோட்டம், லெ பூஸ் மலை ஏற்றம், மாயேபூரின் திங்கட்கிழமைச் சந்தை, ஃபிளிக்-ஆன்-ஃபிளாக் கடற்கரை எல்லாம் பஸ்ஸிலேயே முடியும். தென்மேற்கு மலைப்பகுதி, ஷாமரேல் போன்ற இடங்களுக்கு வயதானவரை வைத்துக்கொண்டு பஸ்ஸில் போகாதீர்கள். வண்டி மாறி வண்டி மாறி அவர் களைத்துவிடுவார். அதற்கென்று இரண்டு நாள் டாக்சி பேசிக்கொள்ளுங்கள். மீட்டரை நம்ப முடியாது, ஏறும் முன்பே தொகையை முடிவு செய்துவிடுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கொள்கைக்காக அம்மாவை வெயிலில் நிற்கவைப்பது பசுமையும் அன்று, பண்பும் அன்று.

நான் இவ்வளவு நேரம் சுற்றிவந்தது அடுத்த விஷயத்துக்காகத்தான். தீவில் குப்பையை "வெளியே" எறிவது என்று ஒன்று கிடையாது. 1997 முதல் முழுத் தீவுக்கும் ஒரே ஒரு குப்பைக் கிடங்கு. தென்கிழக்கில் கரும்புக் காடுகளுக்கு நடுவே மார் ஷிக்கோஸ் என்ற இடத்தில் இருக்கிறது. ஆண்டுக்கு ஐந்து லட்சம் டன்னுக்கு மேல் அங்கே போய்ச் சேர்கிறது. ஒரு முறை அந்தப் பக்கத்து வழித்தடம் ஒன்றை அளக்கப் போனேன். தூரத்திலிருந்து பச்சைக் குன்று என்று நினைத்தேன். கிட்டே போகப் போகக் காற்று மாறியது. புளித்த பழத்தின் நெடியும், மழையில் ஊறிய துணியின் நெடியும் கலந்து தொண்டையில் உட்கார்ந்தது. லாரிகள் வரிசையாக ஏறிப் போய்க் கொட்டிவிட்டு இறங்கின. இந்தத் தீவில் மனிதன் கட்டியவற்றில் அதைவிடப் பெரிதாக வேறொன்று உண்டா என்று அன்று யோசித்தேன். நீங்கள் விமான நிலையத்தில் வாங்கிக் குடித்த தண்ணீர் பாட்டிலின் மூடி கடைசியில் அந்தக் குன்றில்தான் ஒரு கல்லாகச் சேரும்.

அரசு சும்மா இருக்கவில்லை. கடைப் பிளாஸ்டிக் பைகளை 2016 ஜனவரி முதல் தடை செய்தது. 2021 ஜனவரியிலிருந்து ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் தட்டு, கரண்டி, உறிஞ்சுகுழல் போன்றவற்றுக்கும் தடை. தெருவோரத்தில் வாழ்க்கை இதனால் அவ்வளவாக மாறிவிடவில்லை, ஏனென்றால் நல்ல தீனி முன்பும் காகிதத்தில்தான் வந்தது. மத்தியச் சந்தையைச் சுற்றி தால் பூரி விற்பவரைப் பாருங்கள். வேகவைத்துப் பொடித்த பருப்பை உள்ளே வைத்துத் திரட்டிய மெல்லிய பூரி. இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, அவரைக் குழம்பு ஒரு கரண்டி, தக்காளித் தொக்கு ஒரு கரண்டி, மிளகாய் வேண்டுமா என்று கண்ணாலேயே ஒரு கேள்வி, சுருட்டிக் காகிதத்தில் மடித்து நீட்டிவிடுவார். எல்லாம் பத்து விநாடி. கூடவே காத்தோ பிமான் என்று ஓர் உருண்டை விற்பார்கள். வாயில் போட்டதும் உங்கள் அம்மா "இது மசால் வடை அல்லவா" என்பார். அதுதான். கப்பலேறி வந்து பெயர் மாற்றிக்கொண்ட வடை.

தைப்பூசம் இங்கே அரசு விடுமுறை. காவடி முடிந்ததும் கோவில்களில் ஏழு கறி என்று பந்தி வைப்பார்கள். பூசணி, வாழைக்காய், பலா, கீரை என்று ஏழு வகை, கடைசியில் ரசம், பாயசம், எல்லாம் வாழை இலையில். ஆயிரம் பேர் உண்டாலும் மிஞ்சுவது இலை மட்டும். என் மாமியார் இந்த ஊரில் பிறந்தவர். தமிழில் கோவில் பாட்டு மட்டும்தான் தெரியும், மற்றதெல்லாம் இந்தத் தீவின் பேச்சுமொழியான கிரியோல். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்யாணத்தில் பிளாஸ்டிக் பூசிய வாழை இலை போட்டபோது அவர் விரலால் அதைச் சுரண்டிப் பார்த்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டார். சாப்பிடவில்லை. சுற்றுச்சூழல் பற்றி அவர் ஒரு கூட்டத்துக்கும் போனவர் இல்லை.

ஆக நடைமுறையில் உங்கள் வேலை எளிது. ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில் கொண்டு வாருங்கள். இங்கே குழாய்த் தண்ணீர் சுத்திகரித்து வருவது, நாங்கள் குடிக்கிறோம். பெருமழைக்கு மறுநாள் மட்டும் காய்ச்சிக் குடியுங்கள். குளியலைச் சுருக்குங்கள்; செப்டம்பருக்குப் பிறகு வந்தால் ஏரிகள் இறங்கி, குழாய் சில மணி நேரமே வரும் நாட்களும் உண்டு. தீர்ந்துபோன பாட்டரி, காலாவதியான மாத்திரை, கிரீம் குப்பி போன்றவற்றைத் திரும்பப் பெட்டியிலேயே வைத்துச் சேலத்துக்கு எடுத்துப் போங்கள். கிண்டல் செய்யவில்லை. இந்த ஒரு காரியத்தைச் செய்கிற பயணியை நான் இதுவரை ஒருவரைத்தான் பார்த்திருக்கிறேன். உணவிலும் இதே புத்தி வேண்டும். தீவின் உணவில் ஏறக்குறைய முக்கால் பங்கு கப்பலில் வருகிறது, நாம் உண்ணும் அரிசி உட்பட. விடுதியில் ஆப்பிளும் சீஸும் கேட்பதைவிடச் சந்தையில் சௌசௌவும் முருங்கைக்கீரையும் பார்த்து வாங்கிச் சமைத்துக்கொள்ளும்படியான வீடாக எடுத்தால் நல்லது. ஊரித் என்கிற பேய்க்கணவாய்க்கு (ஆக்டோபஸ்) ஆகஸ்ட் நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை பிடிதடை உண்டு. அந்த நாட்களில் யாராவது புதிதாகப் பிடித்தது என்று விற்றால் வாங்காதீர்கள்.

கிரீமுக்கு வருகிறேன். சந்தேகமில்லாமல் தெரிந்தவை இவை: பவளம் வெளிறுவதற்கு முதல் காரணம் கடல் சூடாவது, அடுத்து கழிவுநீர், வயல் உரம், நங்கூரம், மேலே ஏறி மிதிக்கும் கால்கள். கிரீமில் இருக்கும் ஆக்ஸிபென்சோன் போன்றவை ஆய்வகத் தொட்டியில் பவளக் குஞ்சுகளைப் பாதிப்பதைக் காட்டியிருக்கிறார்கள். ஹவாய் 2021 முதல் அவற்றின் விற்பனையைத் தடை செய்தது. திறந்த கடலில் அந்த அளவுக்கு அது சேர்கிறதா என்பதில் அறிஞர்களிடையே ஒருமித்த முடிவு இல்லை. "பவளத்துக்கு நல்லது" என்று குப்பியில் அச்சிடுவதற்கு இறுக்கமான விதியும் இல்லை. அதனால் கிரீமைப் பற்றி அலட்டிக்கொள்ளாமல் முழுக்கைச் சட்டையோடு தண்ணீரில் இறங்குங்கள். நம் பெண்கள் காலம் காலமாக அப்படித்தானே கடலில் குளிக்கிறார்கள். முகத்துக்குத் துத்தநாகம் கலந்தது கொஞ்சம் போதும். மகளுக்கு ஒரே ஒரு விதி சொல்லிக் கொடுங்கள்: மணலில் மட்டும் காலூன்ற வேண்டும், பாறை போலத் தெரிவது எதுவும் பாறை இல்லை. பவளத்தையும் சங்கையும் பொறுக்கி எடுத்துச் செல்வது சட்டப்படி குற்றம். தமரேன் பக்கம் விடியற்காலையில் டால்பின் பார்க்கப் படகுகள் துரத்திக்கொண்டு ஓடும். அவை இரவெல்லாம் வேட்டையாடிவிட்டு ஓய்வெடுக்கிற நேரம் அது. பணம் கட்டி ஒரு பிராணியின் தூக்கத்தைக் கலைக்க வேண்டாம்.

2020 ஜூலை 25 அன்று வகாஷியோ என்ற கப்பல் தென்கிழக்கில் புவான்த் தெஸ்னி அருகே பவளத்திட்டில் ஏறி நின்றது. பன்னிரண்டு நாள் கழித்து எண்ணெய் கசியத் தொடங்கியது. சுமார் ஆயிரம் டன். அப்போது மாயேபூர் கரையில் ஊரே கூடிக் கரும்புச் சோகையைச் சாக்கில் அடைத்து, மிதப்பதற்குக் காலிப் பாட்டில்களைக் கட்டி, நீண்ட தடுப்புகளாகத் தைத்துக் கடலில் இறக்கியது. நானும் மனைவியும் இரண்டு நாள் தைத்தோம். சோகை கையைக் கிழித்தது. எண்ணெய் நெடி ஒரு வாரம் முடியை விட்டுப் போகவில்லை. ஒன்பது நாள் வந்துபோகிறவரின் கிரீம் குப்பியைப் பற்றிக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கருநிற அலைதான் நினைவுக்கு வரும். எது பெரிது, எது சின்னது என்று அளவு தெரிந்துகொள்வது நல்லது.

விமானப் புகைக்கு ஈடு கட்டும் பணத்தை நான் நம்புவதில்லை. எங்கேயோ நடாமலே நின்றிருக்கும் காட்டைக் காட்டிக் கணக்கு எழுதிய கதைகள் நிறைய வெளிவந்துவிட்டன. ஒழுங்கானவையும் இருக்கலாம், வெளியிலிருந்து பிரித்தறிவது கடினம். அந்தப் பணத்தைக் கண்ணெதிரே செலவாகும் இடத்தில் கொடுங்கள். மாயேபூருக்குப் பக்கத்துக் கடலில் இல் ஓ ஸெக்ரெத் என்று ஒரு குட்டித் தீவு, இருபத்தாறு ஹெக்டேர்தான். மொரீஷியஸ் வனவிலங்கு அறக்கட்டளை வழிகாட்டியுடன் மட்டுமே உள்ளே விடுகிறது. 1990ஐ ஒட்டிய ஆண்டுகளில் காட்டில் பத்தளவுக்குக் குறைந்துபோன இளஞ்சிவப்புப் புறாவை மீட்டு, இன்று சில நூறாகப் பெருக்கியிருக்கிறார்கள். அங்கே கொடுக்கும் கட்டணம் அந்த வேலைக்கே போகிறது. மகள் கேட்ட லாபக் கேள்விக்கு என்னால் கைநீட்டிக் காட்டக்கூடிய பதில் அதுவும், தால் பூரிக்காரர் கையில் நீங்கள் வைக்கும் நோட்டும்தான். அந்த நோட்டைத் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள், மதிப்பு தமிழிலும் அச்சாகியிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை ஒன்றை மோன் ஷ்வாசி கடற்கரைக்கு ஒதுக்குங்கள். சவுக்கு மரத்தடியில் குடும்பம் குடும்பமாக வாடகை பஸ்ஸில் வந்திறங்கி, அண்டா நிறையப் பிரியாணியும் பாயும் மேளமுமாக உட்கார்ந்திருப்பார்கள். சவுக்கு இங்கே வந்தேறி. அதன் நிழலில் வேறொன்றும் முளைப்பதில்லை. மணலைப் பிடித்து வைக்கும் மண்ணின் கொடியை இவர்கள் படத்ரான் என்கிறார்கள். நம் ஊரில் அது அடம்பு. ஊதாப் பூ, ஆட்டுக் குளம்பு போன்ற இலை. அதைப் பார்த்தால் மிதிக்காமல் சுற்றிப் போகவும்.

அம்மாவைப் பற்றி ஒன்று விட்டுவிட்டேன். பழைய பஸ்களில் முதல் படி உயரம். முழங்கால் வலி உள்ளவருக்குச் சிரமம். ஓட்டுநருக்குப் பின்னால் முதல் வரிசையில் இடம் பிடித்துக்கொள்ளுங்கள். இறங்கும்போது கண்டக்டரைப் பார்த்து "தூஸ்மான்" என்று சொன்னால் போதும். மெதுவாக என்று பொருள். அவர் மணியை அடிக்காமல், அம்மாவின் இரண்டு காலும் தரையில் படும்வரை வண்டியை நிறுத்தி வைப்பார்.